'மோர் சீப்பர்' வேண்டாம்: ஆங்கிலத்தில் ஒப்பிட்டுச் சொல்ல ஒரு வழிகாட்டி

தமிழில் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுவது ரொம்பச் சுலபம். 'அக்காவை விடத் தங்கச்சி உயரம்' என்றால் முடிந்தது, 'உயரம்' என்ற சொல்லை நாம் தொடவே இல்லை, 'விட' எல்லா வேலையையும் செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'விட'வுக்கு 'தேன்' போட்டால் மட்டும் போதாது, பண்பைச் சொல்லும் சொல்லையும் மாற்ற வேண்டும். அதை மாற்றுவதற்கும் ஒன்றல்ல, இரண்டு வழிகள். நாம் தடுக்கி விழும் இடம் இதுதான். 'ஹி இஸ் டால் தேன் மீ' என்று ஒன்றுமே சேர்க்காமல் விட்டுவிடுவோம், இல்லையென்றால் 'மோர் டாலர்' என்று இரண்டையும் சேர்த்துக் கொட்டிவிடுவோம்.

இதைக் கற்றுக்கொள்ள நான் நிறையவே அல்லாடினேன். பள்ளியில் அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், எந்தச் சொல்லுக்கு எந்த வழி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை யாரும் சொல்லவில்லை. அதனால் இங்கே அட்டவணையைக் குறைத்து, கண்டுபிடிக்கும் முறையைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தமிழ் எழுத்தில் இருக்கும், வாய்விட்டுப் படியுங்கள். இந்தப் பாடத்தில் பாதி வேலை காதுக்குத்தான்.

1. முதலில் இவற்றை எடுத்து வையுங்கள்

ஒரு நோட்டு, ஒரு பேனா, செல்போனில் ஒரு நல்ல அகராதி. அகராதி என்றால் தமிழ் அர்த்தம் மட்டும் சொல்லும் ஆப் இல்லை, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் இணையத்தில் வைத்திருக்கும் அகராதிகள். இரண்டையும் இலவசமாகப் பார்க்கலாம். 'ஹேப்பி' என்று தேடினால் அதன் ஒப்பீட்டு வடிவத்தையும் எழுத்துக்கூட்டி அங்கேயே காட்டிவிடும், ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டினால் உச்சரித்தும் காட்டும்.

பயிற்சிகள் வேண்டுமென்றால் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பள்ளி ஆங்கிலப் புத்தகங்களை இணையத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆக, செலவு ஒரு நோட்டின் விலைதான். இந்த ஒரு பாடத்துக்காக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ஆயிரக்கணக்கில் கட்டிவிடாதீர்கள், தேவையே இல்லை.

நேரம்? தினமும் அரை மணி என்று ஒரு வாரம் உட்கார்ந்தால் விதிகள் கைக்கு வந்துவிடும். பேசும்போது தானாக வாயில் வருவதற்கு அதற்கு மேலும் சில வாரம் பிடிக்கும், அது சகஜம்.

2. சொல்லில் எத்தனை அசை என்று எண்ணுங்கள்

எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். சிறிய சொல்லாக இருந்தால் கடைசியில் இ-ஆர் சேரும் ('சீப்' என்பது 'சீப்பர்'), பெரிய சொல்லாக இருந்தால் முன்னால் 'மோர்' வரும் ('மோர் எக்ஸ்பென்சிவ்'). ஆனால் சிறியது, பெரியது என்பதை எழுத்தின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யக் கூடாது. 'ஸ்ட்ரெய்ட்' என்ற சொல்லில் எட்டு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன, அசை ஒன்றுதான். 'ஈஸி'யில் நான்கே எழுத்துகள், அசை இரண்டு. அசை என்றதும் பள்ளியில் படித்த நேர், நிரை ஞாபகத்துக்கு வரும், அதை இங்கே கொண்டுவராதீர்கள். ஆங்கிலத்தில் ஓர் உயிர் ஒலி இருந்தால் ஓர் அசை, அவ்வளவுதான்.

இதை எண்ண நமக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது, தமிழ் எழுத்து. சொல்லைத் தமிழில் எழுதுங்கள். புள்ளி வைத்த எழுத்துகளையும் ஆய்த எழுத்தையும் அடித்துவிடுங்கள். மீதி எத்தனை இருக்கிறதோ அத்தனை அசை.

'சீப்' எழுதினால் 'ப்' போய்விடும், மிஞ்சுவது 'சீ', ஓர் அசை. 'ஹேப்பி'யில் மிஞ்சுவது 'ஹே', 'பி', இரண்டு. 'எக்ஸ்பென்சிவ்' பார்க்கப் பயமாக இருக்கும், புள்ளிகளை அடித்தால் 'எ', 'பெ', 'சி', மூன்று. 'டிஃபிகல்ட்' என்பதில் 'டி', 'பி', 'க', அதுவும் மூன்று. 'ஸ்ட்ரிக்ட்' என்பதில் 'ரி' மட்டும்தான் தேறுகிறது.

இதில் ஒரு பெரிய பொறி உண்டு. நம் நாக்கு மெய்யெழுத்தில் சொல்லை முடிக்க விரும்பாது, கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டிவிடும், 'ஸ்' முதலில் வந்தால் முன்னால் ஓர் இகரத்தையும் போடும். 'ஸ்ட்ரிக்ட்' என்பதை 'இஸ்ட்ரிக்டு' என்று சொல்லிப் பழகியவருக்கு அது மூன்று அசையாகக் கேட்கும், அதனால்தான் 'மோர் ஸ்ட்ரிக்ட்' என்று வாயில் வருகிறது. ஓர் அசை என்று தெரிந்துவிட்டால் 'ஸ்ட்ரிக்டர்' என்பது இயல்பாக வரும். 'க்ளெவர்' என்பதை 'கிளவர்' என்று எழுதினாலும் இதே சிக்கல்தான், ஓர் அசை கூடிவிடும். 'லௌட்' என்பதை 'லவுட்' என்று எழுதினாலும் அப்படித்தான். சந்தேகம் வந்தால் அகராதியின் ஒலிபெருக்கியைத் தட்டிக் கேட்டு, கேட்டது கேட்டபடி எழுதி, அப்புறம் எண்ணுங்கள்.

முதல் இரண்டு நாளை இதற்கே ஒதுக்குங்கள். கடைப் பலகை, விளம்பரம், செய்தித்தாள் என்று கண்ணில் படும் பண்புச் சொற்களை நோட்டில் தமிழில் எழுதி, புள்ளிகளை அடித்துப் பாருங்கள். இது பழகிவிட்டால் மீதி எல்லாம் வேகமாக ஓடும்.

3. ஓர் அசை என்றால் இ-ஆர்

டால், டாலர். ஓல்ட், ஓல்டர். ஃபாஸ்ட், ஃபாஸ்டர். சொல்லும்போது சிக்கலில்லை, எழுதும்போதுதான் வரும். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

சொல் ஏற்கெனவே 'இ'யில் முடிந்தால் 'ஆர்' மட்டும் சேருங்கள். நைஸ், லார்ஜ், வைட், லேட் எல்லாம் இப்படி. 'வைடர்' என்பதற்கு ஒரே ஒரு 'டி'தான்: டபிள்யூ-ஐ-டி-இ-ஆர். 'லேட்' என்பதில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் 'டி' இரண்டு போட்டால் அது வேறு சொல்லாகிவிடும். ஒரு 'டி' போட்டால் 'இன்னும் தாமதமாக', இரண்டு போட்டால் 'சொன்ன இரண்டில் பின்னது'. தவறாக எழுதினாலும் கணினி சிவப்புக் கோடு போடாமல் விட்டுவிட வாய்ப்புண்டு, ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள்.

கடைசி மூன்று எழுத்துகளும் மெய், உயிர், மெய் என்று இருந்தால் கடைசி எழுத்தை இரட்டியுங்கள். பிக், ஹாட், தின், ஃபேட், வெட், சேட். 'பிக்கர்' என்பது பி-ஐ-ஜி-ஜி-இ-ஆர். உயிரெழுத்து இரண்டு சேர்ந்து வந்தால் இரட்டிக்கக் கூடாது, அதனால் 'சீப்பர்', 'டீப்பர்', 'க்ளீனர்', 'கூலர்' இவற்றில் ஒற்றை எழுத்துதான். தமிழில் 'சீப்பர்' என்று எழுதும்போது 'ப்' இரட்டிப்பதைப் பார்த்து ஆங்கிலத்திலும் இரண்டு 'பி' போட்டுவிடாதீர்கள். முடிவில் இரண்டு மெய் இருந்தாலும் இரட்டிப்பு இல்லை: கோல்டர், லாங்கர். 'டபிள்யூ' எப்போதும் இரட்டிக்காது, 'ஸ்லோவர்', 'லோவர்' இரண்டுக்கும் ஒன்றே போதும்.

'ட்ரை' போல மெய்யெழுத்துக்குப் பின் 'ஒய்' வந்தால் 'ஒய்' போய் 'ஐ' வரும்: டி-ஆர்-ஐ-இ-ஆர்.

விதிவிலக்கு கொஞ்சம் உண்டு. 'ஃபன்', 'ரியல்', 'ரைட்', 'ராங்' இவை சிறிய சொற்களாக இருந்தும் 'மோர்' கேட்கும். இ-டி-யில் முடியும் 'போர்ட்' போன்றவையும் அப்படியே: 'மோர் போர்ட்'.

உச்சரிப்பில் ஒரு சந்தோஷமான விஷயம்: 'லாங்', 'யங்', 'ஸ்ட்ராங்' இவற்றில் முடிவில் 'ஜி' ஒலிப்பதில்லை, ஆனால் 'லாங்கர்', 'யங்கர்', 'ஸ்ட்ராங்கர்' என்னும்போது ஒலிக்கும். தமிழில் 'தங்கம்' சொல்லும் அதே 'ங்க'தான், தனியாகப் பழக வேண்டியதில்லை.

4. இரண்டு அசை: நிதானமாகப் பாருங்கள்

ரொம்பப் பேர் கைவிடும் இடம் இது. இங்கே அசையோடு சொல்லின் வாலையும் பார்க்க வேண்டும்.

வால் 'ஒய்' என்றால் 'ஒய்'யை எடுத்து ஐ-இ-ஆர் போடுங்கள். ஈஸி, பிஸி, ஹெவி, ஹேப்பி, லக்கி, டர்ட்டி, நாய்ஸி, ஏர்லி. 'மோர் ஈஸி' என்று நம் அலுவலகங்களில் தினமும் கேட்கிறது, 'ஈஸியர்' என்பதுதான் சரி. அதை விட மோசம் 'மோர் ஈஸியர்'. இரண்டு அடையாளமும் ஒரே சொல்லில் வரவே கூடாது.

'சிம்பிள்', 'ஜென்டில்' போல எல்-இ-யில் முடிபவை, 'நேரோ' போல ஓ-டபிள்யூ-வில் முடிபவை, 'க்ளெவர்', அப்புறம் 'க்வயட்', இவற்றுக்கும் இ-ஆர் போடலாம்.

மற்றபடி 'மோர்'. 'யூஸ்ஃபுல்', 'கேர்லெஸ்', 'ஃபேமஸ்', 'ஆக்டிவ்', 'போரிங்', 'டயர்ட்', 'மாடர்ன்' எல்லாம் இந்தப் பக்கம். வாலில் 'ஃபுல்', 'லெஸ்', 'அஸ்', 'இவ்', 'இங்' அல்லது இ-டி இருந்தால் யோசிக்காமல் 'மோர்' போடுங்கள். 'காமன்' போன்ற சில சொற்களுக்கு இரண்டு வடிவமும் வழக்கில் உண்டு, நீங்கள் 'மோர்' பக்கம் நின்றால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

'ஒய்' வாலிலும் ஒரு பொறி இருக்கிறது. 'க்விக்லி', 'ஸ்லோலி' எல்லாம் 'ஒய்'யில்தான் முடிகின்றன, ஆனால் அவை ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று சொல்பவை. அவற்றுக்கு 'மோர் க்விக்லி', 'மோர் ஸ்லோலி' என்றுதான் வரும். 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்' இரண்டும் அந்த வேலைக்கும் அப்படியே பயன்படுவதால் 'ஷி வொர்க்ஸ் ஹார்டர்' என்று சொல்ல வேண்டும். 'ஹார்ட்லி' என்று மாற்றினால் 'வேலையே செய்வதில்லை' என்கிற மாதிரி ஆகிவிடும், நேர்முகத் தேர்வில் அது கேட்க நன்றாக இருக்காது.

5. மூன்றும் அதற்கு மேலும்

எல்லாவற்றுக்கும் 'மோர்'. டிஃபிகல்ட், இம்பார்ட்டன்ட், எக்ஸ்பென்சிவ், ப்யூட்டிஃபுல், கம்ஃபர்டபிள். 'அன்ஹேப்பி' போல 'அன்' முன்னால் ஒட்டியதால் மட்டும் நீண்ட சொற்களுக்கு இ-ஆர் போடலாம், 'அன்ஹேப்பியர்' தவறில்லை.

குறைவு என்று சொல்ல 'லெஸ்' போதும்: 'லெஸ் எக்ஸ்பென்சிவ்'.

6. இவற்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்

குட், பெட்டர். பேட், வொர்ஸ். லிட்டில், லெஸ். 'மச்', 'மெனி' இரண்டுக்கும் மோர். 'ஃபார்' என்பதற்கு 'ஃபார்தர்', 'ஃபர்தர்' இரண்டும் தூரத்துக்குப் பொருந்தும், 'கூடுதல் விவரம்' என்ற பொருளில் 'ஃபர்தர் டீடெய்ல்ஸ்' மட்டும்தான்.

'பெட்டர்' ஏற்கெனவே ஒப்பீட்டுச் சொல். அதற்கு முன்னால் 'மோர்' வேண்டாம், 'வொர்ஸ்' என்பதன் பின்னால் இ-ஆர் வேண்டாம்.

எண்ணக்கூடியவை குறைந்தால் 'ஃப்யூவர்', எண்ண முடியாதவை குறைந்தால் 'லெஸ்': 'ஃப்யூவர் பஸ்ஸஸ்', 'லெஸ் வாட்டர்'.

'எல்டர்' பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், நம்மிடம் இந்தப் பிழை அவ்வளவு பரவியிருக்கிறது. 'மை எல்டர் பிரதர்' சரி. 'ஹி இஸ் எல்டர் தேன் மீ' தவறு, 'எல்டர் டு மீ' என்பதும் தவறு. 'எல்டர்' குடும்பத்தாரைச் சொல்லும்போது பெயருக்கு முன்னால்தான் நிற்கும். 'தேன்' வந்தால் 'ஓல்டர்' போடுங்கள்: 'ஹி இஸ் டூ இயர்ஸ் ஓல்டர் தேன் மீ'.

7. 'தேன்' எங்கே, 'டு' எங்கே

எழுதும்போது டி-எச்-ஏ-என், டி-எச்-இ-என் இரண்டும் குழம்பும். 'ஏ' போட்டது ஒப்பிட, 'இ' போட்டது 'அப்புறம்' என்று சொல்ல.

'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்' ஆகிய நான்கும் லத்தீனிலிருந்து வந்தவை, இவற்றோடு 'டு' சேரும்: 'ஷி இஸ் சீனியர் டு மீ'. 'ப்ரிஃபர்' என்பதும் இப்படித்தான், 'ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி'. மின்னஞ்சலில் 'கம்பேரிங் டு லாஸ்ட் இயர்' என்று தொடங்கும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது, 'கம்பேர்ட் டு' அல்லது 'கம்பேர்ட் வித்' என்று எழுதுங்கள்.

'டாலர் தேன் மீ'யா, 'டாலர் தேன் ஐ'யா என்று சண்டை போடுவார்கள். பேச்சில் 'மீ' சாதாரணம். தேர்வுத்தாளில் 'ஐ' போடுங்கள், இல்லையென்றால் 'தேன் ஐ ஆம்' என்று முழுதாக எழுதிவிடுங்கள், எந்தத் திருத்துநரும் கை வைக்க மாட்டார்.

8. 'ரொம்பப் பெரிசு' என்று சொல்ல 'வெரி' உதவாது

'வெரி பிக்' சரி, 'வெரி பிக்கர்' தவறு. ஒப்பீட்டுச் சொல்லுக்கு முன்னால் 'மச்', 'ஃபார்', 'எ லாட்' வரும், கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் 'எ லிட்டில்', 'எ பிட்', 'ஸ்லைட்லி'. 'மச் பெட்டர்', 'ஸ்லைட்லி மோர் எக்ஸ்பென்சிவ்'. கூடிக்கொண்டே போகிறது என்றால் சொல்லை இரண்டு முறை சொல்லுங்கள், 'ஹாட்டர் அண்ட் ஹாட்டர்'. நீண்ட சொல்லுக்கு 'மோர்' மட்டும் இரண்டு முறை வந்தால் போதும், 'மோர் அண்ட் மோர் எக்ஸ்பென்சிவ்'.

9. எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள்

வடிவம் சரியாக வந்த பிறகும் மதிப்பெண் போவது இங்கேதான். 'என் சம்பளம் நண்பனை விடக் குறைவு' என்று தமிழில் சொன்னால் எல்லோருக்கும் புரியும். 'மை சாலரி இஸ் லோவர் தேன் மை ஃப்ரெண்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் சம்பளத்தை ஆளோடு ஒப்பிட்டதாகிவிடும். 'மை ஃப்ரெண்ட்ஸ்' என்று மேல்காற்புள்ளியோடு ஓர் 'எஸ்' சேருங்கள். அதே மாதிரி ஊட்டியின் தட்பவெப்பத்தைச் சென்னை நகரத்தோடு ஒப்பிட முடியாது, சென்னையின் தட்பவெப்பத்தோடுதான் ஒப்பிட முடியும்: 'தி க்ளைமேட் ஆஃப் ஊட்டி இஸ் கூலர் தேன் தட் ஆஃப் சென்னை'. பன்மை என்றால் 'தோஸ் ஆஃப்'.

இன்னொன்று, 'அதர்'. 'சென்னை இஸ் பிக்கர் தேன் எனி சிட்டி இன் தமிழ்நாடு' என்றால் சென்னை தன்னை விடவும் பெரியது என்று ஆகிவிடும், அதுவும் தமிழ்நாட்டில்தானே இருக்கிறது. 'எனி அதர் சிட்டி' என்று எழுதுங்கள். ஆனால் கேரளத்து நகரங்களோடு ஒப்பிட்டால் 'அதர்' வரக் கூடாது, 'எனி சிட்டி இன் கேரளா' போதும்.

10. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

பள்ளித் தேர்விலும் போட்டித் தேர்விலும் ஒரே கருத்தை மூன்று வடிவத்தில் மாற்றச் சொல்வார்கள். 'சென்னை இஸ் தி பிக்கஸ்ட் சிட்டி இன் தமிழ்நாடு' என்று கொடுத்தால், ஒப்பீட்டில் 'பிக்கர் தேன் எனி அதர் சிட்டி', அடிப்படை வடிவத்தில் 'நோ அதர் சிட்டி இன் தமிழ்நாடு இஸ் ஆஸ் பிக் ஆஸ் சென்னை'. இந்த இரண்டிலும் 'சிட்டி' ஒருமை.

'மதுரை இஸ் ஒன் ஆஃப் தி பிக்கஸ்ட் சிட்டீஸ்' என்று கொடுத்தால் பாதை மாறும்: 'பிக்கர் தேன் மோஸ்ட் அதர் சிட்டீஸ்', 'வெரி ஃப்யூ சிட்டீஸ் ஆர் ஆஸ் பிக் ஆஸ் மதுரை'. இங்கே எல்லாமே பன்மை. 'ஒன் ஆஃப் தி' பார்த்ததுமே பன்மை என்று விரல் தானாக எழுதும் அளவுக்குப் பழகுங்கள். இரண்டு பேரை மட்டும் ஒப்பிடும் வாக்கியத்தை மாற்றும்போது ஆட்கள் இடம் மாறுவார்கள்: 'ராம் இஸ் டாலர் தேன் ரவி' என்பது 'ரவி இஸ் நாட் ஆஸ் டால் ஆஸ் ராம்' ஆகும்.

வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுபவர்கள் இந்தப் பாடத்தை இன்னும் கவனமாகப் படியுங்கள். அகாடமிக் பிரிவில் எழுத்துத் தேர்வின் முதல் கேள்வி வரைபடத்தையோ அட்டவணையையோ கொடுத்து, குறைந்தது 150 சொற்களில் விவரிக்கச் சொல்லும். அதற்கு 20 நிமிடம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வரைபடத்தை விவரிப்பது என்றாலே பெரும்பாலும் ஒப்பிடுவதுதான். மதிப்பிடும் நான்கு அம்சங்களில் இலக்கணமும் ஒன்று, எடை நான்குக்கும் சமம். கட்டணம் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல், அது அவ்வப்போது மாறும் என்பதால் பதிவு செய்யும் நாளில் அதிகாரப்பூர்வ தளத்தில் பாருங்கள். அடையாளச் சான்றாகச் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும், ஆதார் அட்டையை நம்பிப் போகாதீர்கள். இவ்வளவு செலவு செய்து போகிற தேர்வில் 'மோர் ஹையர்' என்று எழுதி மதிப்பெண் இழப்பது உண்மையிலேயே வலிக்கும்.

அதனால் அந்த 20 நிமிடத்தில் கடைசி இரண்டைத் திருத்துவதற்கு விட்டுவையுங்கள். எழுதியதில் ஒவ்வொரு 'தேன்' மேலும் விரலை வையுங்கள். இடப்பக்கம் உள்ள சொல்லில் இ-ஆர் அல்லது 'மோர்', ஏதாவது ஒன்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் விலைக்கு விலை, எண்ணிக்கைக்கு எண்ணிக்கை என்று அதே இனத்துப் பொருள் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 'தட் ஆஃப்' சேர்த்துவிட்டு அடுத்த 'தேன்'னுக்குப் போங்கள்.